மாயமில்லாத அன்பு: வாட்ஸ்அப் கும்பிடுக்கு அப்புறம் செய்ய வேண்டியவை

எங்கள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ராத்திரி பத்தேகால் மணிக்குச் செய்தி வந்தது. சபையில் ஒருவருடைய மனைவிக்கு அவசர ஆபரேஷன், எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. பத்து நிமிடத்துக்குள் நாற்பது கும்பிடு விழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. போட்டுவிட்டு ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் படுத்தவன், காலை ஆறு மணிவரை அசையாமல் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மனிதரைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி ரெண்டு யூனிட் பி நெகட்டிவ் கேட்டாங்க அண்ணாச்சி. யாருக்கு போன் பண்றதுன்னே தெரியல. ஆட்டோக்காரத் தம்பி ஒருத்தன்தான் எங்கேயோ போய் ஆளப் பிடிச்சுட்டு வந்தான்."

என் ரத்தம் பி நெகட்டிவ். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அரைக் கிலோ கத்தரிக்காயை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. நான் போதகரும் இல்லை, கமிட்டி மெம்பரும் இல்லை, பின்வரிசையில் உட்காருகிற ஆள். பாதி விஷயங்களைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

பைபிளில் ரோமர் நிருபம் 12ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்கிறார். மாயம் என்றால் இங்கே பாசாங்கு. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் வேரைப் பிடித்துப் போனால், முகமூடி போட்டு மேடையேறும் நடிகனிடம் போய் நிற்கும். நடிக்காத அன்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதை நான் பல வருஷம் எனக்குச் சாதகமாகத் திருப்பி வைத்திருந்தேன்: மனதில் பொங்கி வந்தால்தான் உண்மையான அன்பு, பொங்காமல் செய்தால் அது நடிப்பு, ஆகவே பொங்கும்வரை காத்திருக்கலாம். வசதியான வியாக்கியானம். ஆனால் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால் குறைவில் உதவுங்கள், அந்நியரை உபசரியுங்கள், சத்துரு பசியாயிருந்தால் சாப்பாடு கொடுங்கள் என்று, கையும் காலும் வீட்டு அரிசிப் பானையும் சம்பந்தப்பட்ட வேலையாகத்தான் வரிசையாக வருகிறது. மனசு வராமல் எழுந்து போய்ச் செய்வதை அவர் நடிப்பு என்று சொல்லவில்லை. செய்யாமலே செய்த மாதிரி காட்டுவதுதான் நடிப்பு, நான் அன்றைக்கு ராத்திரி செய்த மாதிரி.

"ஜெபிக்கிறேன்" என்று சொல்வதற்கு முன்

முதலில் சரிசெய்ய வேண்டியது நம்முடைய இந்தச் சொல்லைத்தான். யாராவது கஷ்டத்தைச் சொல்லும்போது, பேச்சை மரியாதையாக முடித்துக்கொண்டு கிளம்ப நமக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. இப்போது நான் வைத்திருக்கும் பழக்கம் இதுதான்: ஜெபிக்கிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே, போனிலேயே, அரை நிமிடம் ஜெபித்துவிடுவது. "அப்புறமா" என்று வைத்தால் மறந்துவிடுகிறேன், இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஜெபம் முடிந்ததும் போனை வைக்காமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு நேரமாகவோ ஒரு இடமாகவோ ஒரு தொகையாகவோ இருக்க வேண்டும்.

"ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க" என்பது அந்தக் கேள்வி இல்லை. நம்ம ஊரில் அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், "இருக்கட்டும், உங்க ஜெபம் போதும்" என்றுதான் வரும். கேட்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் தைரியமாகக் கேட்கிறோம். அதற்குப் பதிலாக "சாயங்காலம் பிள்ளைகளை ஸ்கூல்ல இருந்து யாரு கூட்டிட்டு வர்றா?", "ராத்திரி வார்டுல கூட யாரு இருக்கா?", "நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு உண்மையான பதில் வரும். வந்ததும் "சரி, அத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும், பேரம் பேசவோ யோசிக்கவோ இடம் வைக்கக் கூடாது.

பைபிளில் உள்ள தன் நிருபத்தில் யாக்கோபு இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறார். உடுத்தத் துணியும் அன்றாடம் சாப்பாடும் இல்லாதவனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, தேவையானதைக் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன என்று. அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் இருந்திருந்தால் அந்த வசனத்தில் கும்பிடு எமோஜியும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

சபைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில் குறை வைப்பதில்லை. போய் என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை. பார்வை நேரம் தொடங்கியதும் எட்டுப் பேர் ஒன்றாகப் போய், கட்டிலைச் சுற்றி நின்று, ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆறு ஆரஞ்சுப் பழத்தையும் வைத்துவிட்டு, "எங்க பெரியப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு, பாவம் நாலே மாசம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்திருக்கிற சத்தத்தில் ஜெபம் பண்ணிவிட்டு வருவது.

போவதற்கு முன்னால் போன் செய்யுங்கள். போனால் பத்து நிமிடம் போதும். உட்கார நாற்காலி இருந்தால் உட்காருங்கள், நின்றுகொண்டே பேசினால் படுத்திருப்பவருக்குக் கழுத்து வலிக்கும், அதுபோக நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்ற யோசனையிலேயே அவர் இருப்பார். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில் சுருக்கமாக ஜெபியுங்கள். வார்டில் நாலு மதத்துக்காரர்களும் வலியோடு படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் தூக்கம் வேண்டும்.

எல்லாவற்றையும் இழந்து வியாதியில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களை நாம் எப்போதும் கெட்ட உதாரணமாகத்தான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் வந்தவுடனே செய்தது நல்ல காரியம். ஏழு நாள், ராத்திரி பகலாக, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதில்தான் எல்லாம் கெட்டது. வியாதிக்கு ஆவிக்குரிய காரணம் கண்டுபிடிக்கிற வேலை நமக்கு வேண்டாம். "ஏதோ ஒரு பாவம் இருக்கும், அறிக்கையிட்டுப் பாருங்க" என்பதும் "விசுவாசத்தோட மாத்திரைய நிறுத்துங்க" என்பதும் அன்பில் சேராது. இரண்டாவதைச் சொல்வதில் உயிரே போய்விடலாம், சொன்னவர் அடக்க ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

படுத்திருப்பவரைவிட அவரோடு கூட இருப்பவரைக் கவனியுங்கள், எல்லாரும் அவரைத்தான் மறந்துவிடுகிறார்கள். அவர் மூன்று நாளாகக் குளித்திருக்க மாட்டார், மருந்துச் சீட்டோடு பார்மசி வரிசையில் நின்று நின்று கால் வீங்கியிருக்கும். "நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சு, நாலு மணி நேரம் படுத்து எந்திரிச்சு வாங்க, அதுவரைக்கும் நான் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னால் இருக்கவும் வேண்டும், நடுவில் போன் பண்ணி எப்ப வருவீங்க என்று கேட்கக் கூடாது. பழத்துக்குப் பதில் போன் சார்ஜர், துவைத்த துண்டு, கொசுவத்தி, சில்லறையாக ஐந்நூறு ரூபாய், ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எல்லாம் வார்டில் உடனே செலவாகும் பொருட்கள்.

ரத்தம் விஷயத்தில் எங்கள் சபையில் இப்போது செய்திருப்பது ரொம்பச் சின்ன ஏற்பாடு. நோட்டில் பெயர், ரத்த வகை, போன் எண், கடைசியாகக் கொடுத்த தேதி. 18லிருந்து 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், ஆரோக்கியமாக இருந்தால் ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அந்த நோட்டின் நகல் சபையைக் கவனிக்கிற உபதேசியாரிடம், ஆட்டோ ஸ்டாண்டில், தெரு முனை மருந்துக் கடையில் இருக்கிறது. சபைக்காரர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை.

அப்புறம் காகித வேலை. பல குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருப்பது தெரியும், கார்டு எடுத்திருக்க மாட்டார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் போட்டோ என்று ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் அலைச்சல். தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் கூலி போகும், அதற்குப் பயந்தே போகாமல் இருப்பார்கள். ஓய்வு பெற்ற நமக்கு என்ன போகிறது? காலையில் டீ குடித்துவிட்டு அவர்களோடு பஸ் ஏறி, ஃபாரம் நிரப்பி, வரிசையில் நின்று, மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். என் சபை வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த நாலைந்து காரியங்களில் இப்படி ஒரு மூதாட்டிக்குக் கார்டு வாங்கிக் கொடுத்ததும் ஒன்று. பாட்டுக்குழுவில் பதினெட்டு வருஷம் பாடியது அந்த நாலைந்தில் வராது.

பணம் கொடுக்கும்போது

பைபிளில், விதவையான ரூத் மாமியாரைக் காப்பாற்ற வயலில் கதிர் பொறுக்கப் போகிற கதையில் எனக்குப் பிடித்தது கல்யாணப் பகுதி இல்லை, அறுப்பு வயல்தான். வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் நினைத்திருந்தால் இரண்டு மூட்டை வாற்கோதுமையை ரூத்தின் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கலாம், ஊரே பார்த்துப் பாராட்டியிருக்கும். அவர் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் உருவிக் கீழே சிந்திவிடுங்கள், அந்தப் பெண் பொறுக்கிக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள் என்கிறார். அவளுக்கு அது தன் கையால் பொறுக்கிய தானியம், சாயங்காலம் மாமியாரிடம் தலை நிமிர்ந்து காட்டலாம்.

நாம் செய்வது நேர்மாறு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விதவைகளுக்குச் சேலை கொடுக்கிறோம். மேடை போட்டு, பெயரை மைக்கில் கூப்பிட்டு, சேலையின் ஒரு முனை கொடுப்பவர் கையிலும் மறுமுனை வாங்குபவர் கையிலும் இருக்க, இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கும்வரை யாரும் விடுவதில்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்று எழுதியிருக்கிற வேதத்தை அதே மேடையில்தான் வாசித்திருப்போம். ஒரு வருஷம் ஒரு அக்கா சேலை வாங்க வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "என் மகன் காலேஜ்ல படிக்கான் தம்பி, அவன் கூட்டாளிக போன்ல இந்தப் போட்டோ வரும்" என்றார்.

ஆகவே போட்டோ எடுக்காதீர்கள், இதில் விதிவிலக்கு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் ஃபீஸ் என்றால் பள்ளிக்கூடக் கவுண்டரில் நேராகக் கட்டிவிட்டு ரசீதை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். மளிகை என்றால் அவர்கள் எப்போதும் வாங்கும் கடையிலேயே கணக்கில் பணம் போட்டுவிடுங்கள், எந்தப் பருப்பு வேண்டும் என்று அவர்களே கேட்டு வாங்குவார்கள். ஏழை என்றால் நாம் கொடுக்கிற துவரம்பருப்பைத்தான் சாப்பிட வேண்டும் என்று எந்த அதிகாரத்திலும் இல்லை. கடன் கேட்டு வந்தால், கொடுப்பதற்கு முன்னாலேயே மனதுக்குள் முடிவு பண்ணுங்கள். திரும்ப வராவிட்டாலும் அவரைத் தெருவில் பார்த்தால் முகம் மாறாமல் பேச முடிகிற தொகை எவ்வளவோ அவ்வளவு கொடுங்கள், அதற்கு மேல் கேட்டால் "என்னால இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிவிடுங்கள். பத்தாயிரம் கொடுத்து ஒரு சிநேகிதரை இழப்பதைவிட இரண்டாயிரத்தைச் சும்மாவே கொடுத்துவிடலாம்.

அளவு பற்றி இன்னொன்று. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் எல்லையே இல்லாமல் கொடுத்தான் என்று நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. லூக்கா 10ஐ நிதானமாகப் படியுங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், ஒரு ராத்திரி சத்திரத்தில் கூட இருந்து பார்த்தான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி, மத்தேயு 20இல் திராட்சத் தோட்டக் கூலியாக வருவதும் அதுதான். ஆக, கையிலிருந்து இரண்டு நாள் கூலி, ஒரு ராத்திரித் தூக்கம், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கு. பயணத்தை விட்டுவிட்டு அங்கேயே குடியிருக்கவில்லை, மீதி வேலையை அதைச் செய்யத் தெரிந்தவனிடம் ஒப்படைத்தான். சபையில் எல்லார் பாரத்தையும் ஒரே ஆளாகத் தூக்கி, ஆறே மாதத்தில் எரிச்சல் பிடித்து, வீட்டுப் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிற ஆட்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

குறை உண்டென்று நினைவு வந்தால்

காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தபின், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. இதில் எனக்கு அவன்மேல் உள்ள குறையைப் பற்றிப் பேச்சே இல்லை, அவனுக்கு என்மேல் என்ன குறை என்பதுதான் கேள்வி. நமக்கு முதல் பட்டியல் மனப்பாடம், சேகரத் (பல சபைகள் சேர்ந்த அமைப்பு) தேர்தலில் யார் யாருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள் என்பதுவரை. இரண்டாவது பட்டியலை உட்கார்ந்து எழுதித்தான் பார்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும், அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்கிற நற்கருணை ஆராதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் வீட்டுக்கு மட்டும் போங்கள். நேரில் போங்கள், மூன்றாவது ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது வேறு வடிவத்தில் போய்ச் சேரும். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா" என்ற சொல் வாயில் வரக் கூடாது. "நான் அன்னைக்கு அப்படிப் பேசுனது தப்பு அண்ணாச்சி", அவ்வளவுதான், அதோடு நிறுத்திவிட வேண்டும். "ஆனா நீங்களும்" என்று தொடங்கினால் பழைய சண்டை அந்த வாசலிலேயே இன்னொரு தடவை நடக்கும். அவர் உடனே மன்னிக்காமல் போகலாம், காபி தராமல் அனுப்பலாம். நானும் ஒருமுறை அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து அவரே வந்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதை யாராவது தவறாகப் பயன்படுத்துவார்கள். அடி வாங்குகிற பெண்ணிடம் போய் "மன்னிச்சிரு, அன்பு சகலத்தையும் தாங்கும்" என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது ஒப்புரவாக்குதல் இல்லை. ரோமர் 12:9இன் அடுத்த பாதி "தீமையை வெறுத்து" என்றுதான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், 181 என்ற பெண்கள் உதவி எண் தெரிந்திருக்க வேண்டும், கூட வர ஒரு ஆள் வேண்டும். மன்னிப்பது எப்போது, எப்படி என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது, கமிட்டிக்கு அதில் வேலை கிடையாது.

யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள்

இந்தப் பகுதி சுருக்கம்தான், ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டைத் தயங்காமல், உடனே, முழுவதுமாக விட வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள், ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுப்பதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் நடுவில் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை என்கிற பொது விருந்து விசேஷம். ஆட்டுக்கறியும் சோறும், ஊரில் யார் வந்தாலும் பந்தியில் இடம். அன்றைக்கு ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து உட்காருகிறோம், சந்தோஷம்தான். மற்ற 364 நாளைப் பாருங்கள். கடந்த ஒரு வருஷத்தில் வேறு சாதிக்காரர் எத்தனை பேர் உங்கள் வீட்டு அடுப்படிவரை வந்தார்கள், எத்தனை பேர் வீட்டில் நீங்கள் கை நனைத்தீர்கள்? நான் கணக்குப் பார்த்தபோது ஒரு கையிலேயே விரல் மிச்சம் இருந்தது. அதற்கு மருந்து, அழைப்பதைவிட அழைக்கப்பட்டுப் போவது. உங்கள் வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பாடு போடும்போது இன்னும் நீங்கள்தான் கொடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். அவர் வீட்டுத் தட்டில் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கும்போதுதான் ஏதோ சமமாகிறது.

தூண்டில் வேண்டாம்

வேற்று மதத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவும்போது, கையில் பையோடு மதம் பற்றிய ஒரு கைப்பிரதியும் போகிறது பல இடங்களில். நான் விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை, கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். அரிசியோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்கிறேன். வாங்குகிறவர் பசியில் இருக்கும்போது அவருக்கு வேண்டாம் என்று சொல்கிற சுதந்திரம் இல்லை. சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்த மலையில் தொழுவது சரி என்று விவாதம் தொடங்கவில்லை, யூதனுக்கும் சமாரியனுக்கும் அதுதான் பெரிய சண்டையாக இருந்தபோதும்.

அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போன கதை நம்மில் பலருக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்கு அவரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார், 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் வந்தது. அந்த வீடுகளில் ஒன்று பிராமண வீடு, ஒன்று முஸ்லிம் வீடு. தேவை என்னவோ அதையே போய்க் கற்றுக்கொண்டு வந்தார், நாம் பெரும்பாலும் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். உங்கள் தெருவில் காது கேளாத பிள்ளை இருந்தால் நாலு சைகையாவது கற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன அளவில்தான் சொல்கிறேன்.

துக்க வீடு

சாவு வீட்டில் முதல் நாள் நம் ஆட்களைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது. பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, கல்லறைக் குழி, ஆராதனை ஒழுங்கு எல்லாம் தானாக நடக்கும். அதனால் முதல் நாள் நீங்கள் போகாவிட்டால்கூடப் பெரிய குறை இல்லை (குடும்பத்தார் என்றால் வேறு கதை). எட்டாம் நாளிலிருந்துதான் அந்த வீட்டுக்கு ஆள் வேண்டும். வெளியூர் சொந்தக்காரர்கள் ரயில் ஏறிவிடுவார்கள், கேஸ் புக்கிங் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாது, பேங்க் பாஸ்புக் எங்கே என்று தெரியாது, ராத்திரி ஏழு மணிக்கு வழக்கமாக கேட் திறக்கிற சத்தம் கேட்காது.

போனால் இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று நாம் சுற்றி வளைத்து விலைவாசி பேசுகிறோம், அவர்களோ யாராவது அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார்கள். "கர்த்தருக்குப் பிரியமானவர், அதான் சீக்கிரம் எடுத்துக்கிட்டார்" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது அவர்கள் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். அழுகிறவர்களோடு அழுங்கள் என்றுதான் கட்டளை, விளக்குங்கள் என்று இல்லை. தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் மாதம், அவர் பிறந்தநாள், கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் ஸ்டார் கட்ட மாட்டார்கள், கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் சத்தம் போடாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொட்டு எல்லாம் வேண்டாம், நாலு பேர் மட்டும் உள்ளே போய் மெதுவாக ஒரு பாட்டு பாடலாமா என்று கேளுங்கள்.

சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு என் அம்மாவிடம் கற்ற ஒரு தந்திரம். அம்மா துக்க வீட்டுக்குத் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுபோவாள். வரும்போது வாளியை எடுத்து வரமாட்டாள். "கழுவ வேண்டாம், அப்படியே கெடக்கட்டும், நான் வந்து எடுத்துக்கிடுதேன்" என்று அடுப்படி மூலையில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். பத்து நாள் கழித்து, எல்லாரும் வந்து ஓய்ந்தபிறகு, ஒரு மத்தியானம் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். எங்கே என்று கேட்டால், "வாளிய வாங்கிட்டு வந்துருதேன்" என்பாள். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.